என் முன்பல்லைத் தாங்கும் யாரோ ஒருவர்

நாலு வருஷத்துக்கு முன்னால், ஆவடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இது ஆரம்பித்தது. தண்டவாளத்தை ஒட்டிய ஒரு சிமெண்டுத் தளத்தில் நானும் என் தோழியும் ஜோடி சேர்ந்து ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தோம். எனக்கு ஒரு வியாதி உண்டு. காக் என்கிற இறகுப்பந்து யார் பக்கம் போனாலும் அதை நான்தான் அடிக்க வேண்டும். ஜோடி ஆட்டத்தில் அவரவர் பக்கத்தை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் கால் கேட்காது. அன்றைக்கும் அவள் பக்கம் உயரமாக வந்த காக்குக்கு நான் பாய்ந்தேன். அவளும் பின்னாலிருந்து மட்டையை வீசினாள். மட்டையின் விளிம்பு நேராக என் மேல் முன்பல்லில் வந்து மோதியது.

"அது என் காக்குடீ!" என்று கத்திய பிறகுதான் அவள் ரத்தத்தைப் பார்த்தாள். அப்புறம் அவள் அழுத அழுகையில், அடிபட்டது யாருக்கு என்று சுற்றி நின்றவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பல் பாதி உடைந்திருந்தது. வேர் சிகிச்சை செய்து மேலே ஒரு கேப் போட்டார்கள். கண்ணாடியில் பார்த்தால் பழைய பல் மாதிரியே இருந்தது. கதை முடிந்தது என்று நினைத்து அடுத்த மாதமே மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

கரையான்சாவடியில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்தில் எங்கள் வீடு. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அப்பாவை நாங்கள் 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டியவர். எனக்குப் பல் உடைவதற்கு முந்தைய வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அம்மா வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரி விடுதியின் சமையல்கட்டில் வேலை செய்கிறாள். அண்டா அண்டாவாகச் சாம்பார் வைத்து, நாள் முழுக்க நின்று நின்று, அவளுடைய வலது பக்க இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. மூட்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். கைத்தடியும் கூடாதாம், கிழவி என்பார்களாம். நைனாவின் பெரிய கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு போவாள். சித்திரை வெயிலிலும் அதை விரிக்க மாட்டாள், ஊன்றுவதோடு சரி.

நான் படித்தவள். அதிலும் எதையும் ஒரே மூச்சில் தேடிப் படித்துவிடுகிறவள். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. மூட்டு மாற்று ஆபரேஷனைப் பற்றி நான் பார்க்காத வீடியோ இல்லை. அம்மா சோறு போடும்போது, துணி மடிக்கும்போது, செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டிவிடுவேன்.

"அது இல்லடி…" என்று அம்மா ஆரம்பிப்பாள்.

"தெரியும், மயக்க ஊசிக்குப் பயம். இப்போ இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப் போற மாதிரி ஊசி இருக்கும்மா."

"அது இல்லடி, அந்த…"

"ரெண்டாவது நாளே நடக்க வெச்சிடுவாங்க. இந்தப் பாட்டியைப் பாரு, படி ஏறுது."

"எம்மா தாயே, நீயே பேசு, நீயே பதில் சொல்லு. நான் போயி அரிசி களையறேன்" என்று அம்மா குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அவள் வலியோடு எழுந்திருக்கிற அந்த நொடி எனக்குப் பொறுக்காது. அதனால் அடுத்த நாள் இன்னொரு வீடியோ காட்டுவேன். இப்படியே மாதங்கள் ஓடின. அவள் நடை மட்டும் மோசமாகிக்கொண்டே வந்தது. காலையில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அசையாமல் நின்ற பிறகுதான் முதல் அடி எடுத்து வைப்பாள்.

இதற்கு நடுவில் என் கேப் போட்ட பல்லுக்கு மேலே, ஈறில் ஒரு சின்னப் பரு வந்தது. தானாக உடைந்து போகும், மறுபடி வரும். பல்லும் நாக்கால் தள்ளினால் லேசாக ஆடுகிற மாதிரி இருந்தது. கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் பெண் பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருப்பார், அவ்வளவுதான். அவரிடம் போனேன். "தனியா போவாதே" என்று அம்மாவும் கிளம்பிவிட்டாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, பக்கவாட்டில் ஏறி வந்தாள்.

ஸ்கேன் எடுத்துத் திரையில் காட்டினார் டாக்டர். பல்லின் வேரில் ஒரு விரிசல். அந்த விரிசல் வழியாகக் கிருமி போய், பல்லுக்கு முன்பக்கம் சுவர் மாதிரி இருக்க வேண்டிய எலும்பைக் கரைத்துவிட்டிருந்தது. மற்ற பற்களுக்கு முன்னால் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. என் பல்லுக்கு முன்னால் வெறும் கறுப்பு.

நான் விடவில்லை. "சரி டாக்டர், பல்லை எடுத்துட்டு அன்னைக்கே எலும்புல திருகி வெக்கற இம்பிளான்ட் போட்டுடலாமே? சில பேருக்கு ஒரே நாள்ல போடறாங்கன்னு பார்த்தேன்."

"சில பேருக்குப் போடலாம். அவங்களுக்கு எலும்பு இருக்கும். நீங்க மண்ணே இல்லாத தொட்டியில செடி நடச் சொல்றீங்க."

பின்னாலிருந்து அம்மா சிரித்தாள். "நல்லா சொல்லும்மா. இது எங்க கேக்கும்? கால்ல சக்கரம் கட்டிகினு பொறந்துச்சி."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். முதலில் பல்லை எடுத்துச் சீழைச் சுத்தம் செய்ய வேண்டும். ஈறு ஆற வேண்டும். பிறகு எலும்புத் தூள் வைத்துத் தைக்க வேண்டும். அது எலும்பாக மாற அரை வருஷம் போலக் காத்திருக்க வேண்டும். எலும்பு பிடித்திருந்தால்தான் இம்பிளான்ட். பிடிக்கவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. ஒரே ஒரு பல்லுக்கு ஒரு வருஷமா என்று எனக்குத் தலை சுற்றியது.

பல்லை எடுத்தார். இருக்கிற எலும்பும் உடைந்துவிடக் கூடாது என்று வேரைத் துண்டு துண்டாக, அவசரமே இல்லாமல் எடுத்தார். போட்டுக் கழற்றுகிற மாதிரி ஒரு தற்காலிகப் பல் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு பேசினால் பாதி எழுத்து காற்றாகப் போகும். கம்பெனியில் "சார், சாம்பிள் சரியா இல்ல" என்று நான் சொன்னால் சூப்பர்வைசர் முகத்தைத் துடைத்துக்கொள்கிற நிலைமை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பேச்சைக் குறைத்தேன்.

ஈறு ஆறியதும் மறுபடி போனோம். எந்த எலும்பு வைப்பது என்று பேச்சு வந்தது. என் தாடையிலேயே பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் எடுக்கலாம், ஆனால் இன்னொரு காயம் ஆகும். மாட்டெலும்பிலிருந்து செய்தது இருக்கிறது. மருந்துக் கம்பெனிகள் செயற்கையாகச் செய்ததும் இருக்கிறது. இன்னொன்று, மனிதர்கள் தானமாகக் கொடுத்தது. என் நிலைமைக்குக் கடைசியாகச் சொன்னது நன்றாக இருக்கும் என்பது டாக்டரின் எண்ணம்.

அம்மா குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "மனுச எலும்பா? செத்தவங்களுதா?"

"செத்தவங்க குடுக்கறதும் உண்டும்மா. ஆனா நான் வைக்கப் போறது உயிரோட இருக்கிறவங்க குடுத்தது. இடுப்பு மூட்டு மாத்தற ஆபரேஷன் இருக்கில்ல, அதுல பழைய பந்தைக் கழட்டுவாங்க. மேல தேய்ஞ்சிருந்தாலும் உள்ள நல்ல எலும்பு இருக்கும். குடுக்க இஷ்டப்பட்டவங்ககிட்ட வாங்கி, சோதிச்சு, சுத்தம் பண்ணித் தூளாக்கி அனுப்புவாங்க."

அம்மா தன் வலது இடுப்பைத் தடவிக்கொண்டாள். அப்புறம் திடீரென்று, "அன்னியங்களது இன்னாத்துக்கும்மா? என் இடுப்பும் தேய்ஞ்சிதான் கீது. என்துல கொஞ்சம் எடுத்து என் பொண்ணுக்கு வெச்சிடேன்" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அப்படி நேரா எடுத்து வைக்க முடியாதும்மா. அதுக்கு நிறைய சோதனை, பக்குவம் எல்லாம் இருக்கு" என்று அம்மாவின் கையைத் தொட்டுச் சொன்னார்.

நான்தான் சும்மா இருக்காமல், "உன் காலுக்குன்னா வெட்டக் கூடாது, என் பல்லுக்குன்னா வெட்டலாமா? நல்லா இருக்கும்மா உன் நியாயம்" என்றேன்.

"அது இல்லடி…" என்று ஆரம்பித்த அம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

எலும்பு வைத்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. சுண்டுவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிப் புட்டி. அதில் வெள்ளை ரவை மாதிரி கொஞ்சம். அதைச் சலைனில் நனைத்து, பள்ளத்தில் மெல்ல மெல்ல நிரப்பி, மேலே ஒரு மெல்லிய தாள் மாதிரி மூடி, ஈறை இழுத்துத் தைத்தார். மேல் உதடு வீங்கி மூக்கைத் தொட்டது. "ஒரு வாரம் உதட்டை அசைக்காதீங்க, முக்கியமா பேசாதீங்க. தையல் இழுத்தா எல்லாம் வெளிய வந்துடும்" என்று டாக்டர் சொன்னதும், அம்மா குடையைத் தூக்கிக்கொண்டு, "இத பேசாம இருக்க வெக்கறதுக்கு அந்த எலும்பு வெக்கறதே ஈசி" என்றாள்.

மறுநாள் அம்மா விடுதிக்கு லீவு சொல்லிவிட்டாள். மத்தியானம் எனக்கு ஆறிய கஞ்சியைக் கிண்ணத்தில் கொடுத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி என் கன்னத்தில் வைத்தாள். வெளியே தண்ணி லாரியிடம் யாரோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக நான் எட்டிப் பார்த்து நடுவில் ஒரு கருத்துச் சொல்லிவிட்டு வருவேன். அன்று சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

"வலிக்குதா?" என்றாள் அம்மா. தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது? அம்மா சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, எந்தச் சம்பந்தமும் இல்லாமல், "உங்க நைனாவுக்கு ஒரு வெரலு போச்சில்ல" என்றாள்.

அது எனக்குத் தெரிந்த கதைதான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது பிரஸ் மெஷினில் நைனாவின் வலதுகை ஆள்காட்டி விரல் போய்விட்டது. எனக்கு நினைவு தெரிந்து அவருக்கு ஒன்பது விரல்தான். மெஷின் கம்பெனிப் பெயரைச் சொல்லி, "அதாண்ட ஒண்ணு அடகு வெச்சிருக்கேன்" என்று என்னைச் சிரிக்க வைப்பார். 'தெரியும்மா' என்று சொல்ல வாயெடுத்தேன். உதடு அசையவில்லை.

அதனால் அம்மா தொடர்ந்து பேசினாள்.

"ஆஸ்பத்திரில, வெரல ஒட்ட முடியாதுன்டாங்கோ. சரி, ஒட்ட வாணாம், வெரல குடுங்க, நாங்க எங்கனா பொதைச்சிக்கறோம்னேன். அங்க ஒரு ஆளு, 'அதெல்லாம் குப்பைக்குப் பூடுச்சிம்மா, போ'ன்னான். உன்ன இடுப்புல வெச்சிகினு நின்னேன். என் கழுத்துல தாலி முடிஞ்ச வெரலுடி அது. குப்பைக்குப் பூடுச்சாம். உங்க நைனா பாட்டுக்குச் சிரிக்கறாரு. பத்து வெரலுக்கும் மோதரமா வாங்கிப் போடப் போறே, ஒம்போது போதும்டின்றாரு."

ஐஸ் உருகி என் காதுப்பக்கம் ஓடியது. அம்மா முந்தானையால் துடைத்தாள்.

"அவர எரிச்ச மறுநாளு உங்க மாமன் சுடுகாட்டுல பாலு தெளிச்சி எலும்பு பொறுக்கினு வந்தாரில்ல. தலையிலேர்ந்து காலு வரைக்கும் வரிசையா எடுத்தோம்மான்னாரு. நான் அவராண்ட ஒண்ணும் கேக்கல. மனசுக்குள்ள அதான் ஓடுச்சி. எல்லாம் ஒண்ணா கடலுக்குப் போவுது, அந்த வெரலு மட்டும் எந்தக் குப்பையில கீதோன்னு. எனக்கு ஆபரேஷன்னா பயமில்லடி. அந்த எலும்பு டாக்டராண்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். கழட்டற எலும்ப இன்னா பண்ணுவீங்கோன்னு. 'அது வேஸ்ட்டும்மா, அத பத்தி நீங்க கவலப்படாதீங்க'ன்னாரு. அத்தோட எழுந்து வந்துட்டேன். உன்னாண்ட சொல்லலாம்னு பாத்தா, எங்க… நீ அதுக்குள்ள ஒரு பாட்டிய படி ஏத்திடுவே."

எத்தனை தடவை 'அது இல்லடி' என்று ஆரம்பித்திருப்பாள்! அந்த வாக்கியத்தின் மறுபாதி இவ்வளவு நாளும் இதுதான். அவள் பக்கம் வந்த காக்குக்கு ஒவ்வொரு தடவையும் நான் பாய்ந்திருக்கிறேன். அவள் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் வீடியோ வீடியோவாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"நேத்து உன் வாயில வெச்சாங்களே, அத குடுத்தவங்களுது… அது குப்பைக்குப் போவலல்ல?" என்றாள் அம்மா.

இல்லை என்று தலையாட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அழுவாதடி, தையல் பிரிஞ்சிக்கும்" என்று ஐஸ்கட்டியை மறுகன்னத்துக்கு மாற்றினாள்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு என் வாயின் மேல் ஒரு புது மரியாதை வந்துவிட்டது. பத்து நாள் கழித்து வாய் கொப்பளிக்கும்போது நாக்கில் மணல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. எலும்புத் தூள்! எனக்கு உயிரே போய்விட்டது. எல்லாம் கொட்டிக்கொண்டிருக்கிறது, மறுபடி முதலிலிருந்து என்று நினைத்துத் துப்பப் போனேன். "துப்பாத! துப்பாதடி!" என்று கத்திக்கொண்டே அம்மா வந்தாள். அந்த மணலை என் நாக்கிலிருந்து விரல் நுனியில் எடுத்து, ஒரு காகிதத்தில் மடித்து, என்னையும் இழுத்துக்கொண்டு டாக்டரின் மாடிக்கு ஏறினாள்.

"இத திருப்பி வெச்சிடும்மா."

டாக்டர் என் ஈறைப் பார்த்தார். தையல் சரியாக இருந்தது. ஓரிரண்டு மணல் இப்படி வெளியே வருவது சகஜம்தான், மீதி பத்திரமாக இருக்கிறது என்றார். காகிதத்தை வாங்கிப் போட அவர் கை நீட்டியபோது அம்மா கொடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, குழாயடியில் நிற்கும் நந்தியாவட்டைச் செடியடியில் விரலால் குழி தோண்டிப் புதைத்தாள். ஒரே ஒரு மணல். அதற்குத் தண்ணீரும் ஊற்றினாள்.

இன்னொரு பழக்கமும் வந்தது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கோ சந்தைக்கோ போனால், நடக்கிறவர்களின் முகத்தை விட்டுவிட்டு இடுப்பைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"அதோ அந்தம்மாவ பாரேன், இன்னா சொகுசா நடக்குது. அதுவா இருக்குமோ?"

"ம்மா, ஊர்ல நல்லா நடக்கறவங்க எல்லாம் இடுப்பு மாத்தினவங்களா?"

"இருந்தா உனக்கு இன்னா? நல்லா இருக்கட்டும்."

டாக்டரிடமும் கேட்டுப் பார்த்தாள். கொடுத்தவர் பெயர், ஊர் எதுவும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள் என்றார் டாக்டர். "பேரு வாணாம்மா. நல்லா நடக்கறாங்களா, அத மட்டும் சொல்லு" என்றாள் அம்மா. அதுவும் தனக்குத் தெரியாது என்றார் டாக்டர்.

மழைக்காலம் போய், பொங்கல் போய், வெயில் ஏறியது. அந்தப் பக்கமாக எதையும் கடிக்காமல், கோர்ட்டுக்கும் போகாமல் நான் காத்திருந்தேன். அம்மாவின் நடையும் குறுகிக்கொண்டே வந்தது. விடுதியில் அவளை நிற்கிற வேலையிலிருந்து உட்கார்ந்து காய் நறுக்குகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஆபரேஷனைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. திறக்காமல் இருப்பது தையல் போட்ட வாயைவிட வலித்தது. ஆனால் இந்தத் தடவை காக் அவள் பக்கம் போயிருக்கிறது, அவள்தான் எடுக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இருக்கிற பல்லைத்தான்.

ஸ்கேன் எடுக்கிற நாள் வந்தது. எலும்பு பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரியும் நாள். திரையில் படம் வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மாவின் குரல்தான் முதலில் கேட்டது. "இங்க கறுப்பா இருந்துச்சே, எங்கம்மா அது?"

கறுப்பு இல்லை. அந்த இடத்தில் வெள்ளையாக, மற்ற பற்களுக்கு இருப்பது போலவே ஒரு சுவர்.

"நல்லா பிடிச்சிருக்கு. இம்பிளான்ட் போடலாம்" என்றார் டாக்டர்.

அம்மா திரைக்கு அருகில் போய் நின்றாள். "இதுல எது என் பொண்ணுது, எது அவங்களது?"

"இனிமே பிரிச்சுச் சொல்றது கஷ்டம்மா. அவங்க எலும்புக்கு நடுவுல உங்க பொண்ணோட எலும்பு வளர்ந்துடுச்சு. அது கொஞ்சம் கொஞ்சமா இதுவாவே மாறிடும்."

அம்மா குடையை எடுத்துக்கொண்டாள். திரும்பி இறங்கும்போது பாதிப் படியில் நின்று, குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வலியாக இருக்கும் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே செல்போன் கடையில் ஏதோ ஒரு ரிங்டோனைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கும் பண்ணிடலாம்டி" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறந்தேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எத்தனை நாள் லீவு, எல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை மூடினேன்.

"ஆனா ஒண்ணு" என்றாள். "கழட்டறத யாருக்காவது குடுக்கறவங்களாண்டதான் நான் பண்ணிக்குவேன்."

முதலில் போன ஆஸ்பத்திரியில் அந்த வசதி இல்லை என்றார்கள். ஆபரேஷன் நன்றாகச் செய்வார்களாம், எலும்பை மட்டும் வாங்கிக்கொள்ள மாட்டார்களாம். "அப்போ வேற எடம் பாத்துக்கறோம் சார்" என்று அம்மா குடையை ஊன்றி எழுந்த வேகத்தைப் பார்த்து, இவளுக்கு இடுப்பு வலியே இல்லையோ என்று அந்த டாக்டர் நினைத்திருப்பார். எங்கள் பல் டாக்டர்தான் விசாரித்து, எலும்பு வங்கியோடு தொடர்பு வைத்திருக்கும் இன்னொரு ஆஸ்பத்திரியைச் சொன்னார். அங்கே இருந்த எலும்பு டாக்டர், அம்மா கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"வழக்கமா நாங்கதான்மா கேட்போம். பாதிப் பேர் பயந்துக்குவாங்க. உங்களுக்கு எப்படி இது தோணுச்சு?"

"என் பொண்ணு வாயில ஒருத்தங்களுது கீது சார்" என்றாள் அம்மா. "பக்கத்து ஊட்லேர்ந்து கிண்ணம் வந்தா, வெறுங்கிண்ணமாவா திருப்பித் தருவோம்?"

ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் செய்தார்கள். ஆபரேஷன் அன்று காலை, தள்ளுகட்டிலில் படுத்தபடி அம்மா குடையை என்னிடம் கொடுத்தாள். அப்போது எனக்கு இம்பிளான்ட் போட்டு ஈறுக்குள் மூடியிருந்தார்கள், மேலே பல் வரவில்லை. பயத்தில் நான் தற்காலிகப் பல்லைக்கூட மறந்து வந்திருந்தேன். "சிரிச்சிகினே நில்லு" என்றாள். ஓட்டைப் பல்லோடு சிரித்துக்கொண்டே நின்றேன். கதவு மூடியதும் அந்தக் குடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நன்றாக முடிந்தது. மறுநாளே நடக்க வைத்தார்கள். வார்டில் முதல் அடி எடுத்து வைத்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "பத்திரமா எடுத்து வெச்சிட்டாங்களா?" என்பதுதான். வைத்துவிட்டார்கள், ஆனால் உடனே யாருக்கும் கொடுக்க மாட்டார்கள், அரை வருஷம் கழித்து அம்மாவின் ரத்தத்தை மறுபடி சோதித்து, சரியாக இருந்தால்தான் அது போகும் என்றார்கள்.

அந்த அரை வருஷத்துக்குள் எனக்குப் பல் வந்துவிட்டது. இரண்டாவது ரத்தப் பரிசோதனைக்கு அம்மா தானாகவே ஞாபகம் வைத்திருந்து கிளம்பினாள். குடை எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் ஏறும்போது எனக்கு முன்னால் ஏறி, ஜன்னல் சீட்டில் எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தாள். ரிசல்ட் சொன்ன நர்ஸிடம், "அப்போ என் எலும்பு பாஸா?" என்று கேட்டாள். "பாஸ்தான்மா" என்றார் அவர். அன்று கரையான்சாவடியில் இறங்கியதும் எங்கள் சந்தில் இருக்கும் ஐந்து வீட்டுக்கும் அம்மா கேசரி கொடுத்தாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், "எங்க ஊட்ல ஒருத்தர் பாஸ் பண்ணிட்டாரு" என்றாள்.

இப்போது நான் மறுபடி கோர்ட்டுக்குப் போகிறேன். என் தோழி பக்கம் வருகிற காக் அவளுடையது என்று விட்டுவிடுகிறேன். அவள் அதில் பாதியைத் தவறவிடுகிறாள், பரவாயில்லை. அம்மாவோ, பஸ் ஸ்டாண்டில் நடக்கிறவர்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சிரிக்கிறவர்களைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். முன்பல் தெரிய யாராவது பளிச்சென்று சிரித்துவிட்டால் என் முழங்கையை இடிப்பாள். "இதுவா இருக்குமோ?" என்பாள். நான் இப்போதெல்லாம் மறுத்துப் பேசுவதில்லை.

காலையில் பல் தேய்க்கும்போது, அந்த முன்பல்லுக்கு மேலே ஈறை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பெயர் தெரியாத அந்த மனிதர் எங்கேயோ வலியில்லாமல் நடந்துகொண்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். சமையல்கட்டிலிருந்து அம்மா, "அது இல்லடி…" என்று ஆரம்பித்தால், பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்று, அவள் சொல்லி முடிக்கிறவரைக்கும் கேட்கிறேன்.